ஸ்டெல்லா கேட்ட கேள்வி

அருப்புக்கோட்டையில் ரத்தம் பரிசோதிக்கும் இடம் ஒன்றில் ஸ்டெல்லாவும் நானும் சேர்ந்து வேலை பார்த்தோம். பாலவனத்தத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். 1987இல் அவள் விரல் கணுக்கள் வீங்கத் தொடங்கின. காலையில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. பத்து மணிக்கு மேல் இளகிவிடும்.

ஒருநாள் கையை நீட்டி, "எடுங்கக்கா" என்றாள். அவள் ரத்தத்தை நீளக் குழாயில் ஏற்றி நிறுத்தினேன். உடம்பில் அழற்சி இருந்தால் சிவப்பணுக்கள் வேகமாக அடியில் இறங்கும். ஒரு மணி நேரத்தில் இருபது மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டியது, தொண்ணூற்றிரண்டு இறங்கியிருந்தது.

மதுரை டாக்டர் முடக்குவாதம் என்றார். திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: "கிருமிய எதிர்க்கிற சக்திதான் அழற்சிய உண்டாக்குதாம். கிருமி செத்ததும் அடங்கிரும். எனக்கு அது என் மூட்டையே எதிரின்னு நெனச்சு அடிக்குதாம். அதனாலதான் அடங்க மாட்டேங்குது."

மாத்திரை சாப்பிட்டாள். விடியுமுன் எழுந்து கைகளை வெந்நீரில் வைத்திருந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். ஒருநாளும் லீவு போடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, திருச்சுழிப் பக்கத்து விவசாயி குருவம்மாள் சர்க்கரை பார்க்க வந்தாள். முகம் உப்பியிருந்தது. ஸ்டெல்லா அவள் விரல்களைத்தான் பார்த்தாள்.

"காலையில எந்திரிச்சா வெரல மடக்க எம்புட்டு நேரமாகுது?"

"வெயில் ஏறுற வரைக்கும் மடங்காது தாயி. கடையில குடுக்குற வலிப் பொட்டலத்தத் தின்னாத்தான் களை வெட்ட முடியுது."

ஸ்டெல்லா தன் கையைக் காட்டினாள். "எனக்கும் இதேதான். பொட்டலத்துல ஸ்டீராய்டு கலந்திருப்பாக, அதான் மூஞ்சி உப்பியிருக்கு. அது வீக்கத்த அமுக்கும், நோய நிறுத்தாது. ஆனா நீங்களா விட்டுராதீக, திடீர்னு நிறுத்துனா ஆபத்து, டாக்டர் சொல்றபடிதான் கொறைக்கணும். செவ்வாக்கிழமை மதுரைக்குப் போறேன், எங்கூட வாங்க."

கூட்டிப் போனாள். அதிலிருந்து மூட்டு வீங்கி வந்த எல்லோரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "ரிப்போர்ட்ட மட்டும் குடும்மா" என்று உள்ளூர் டாக்டர் ஒருவர் கடிந்துகொண்டார். ரிப்போர்ட்டைக் கொடுத்தாள், கேட்பதை நிறுத்தவில்லை. ஏழெட்டு வருஷத்தில் பதினான்கு பேரை மதுரைக்கு அழைத்துப் போயிருப்பாள்.

வாரம் ஒருமுறை சாப்பிடும் புது மாத்திரை வந்த பிறகு அவளுக்கு வீக்கம் தணிந்தது. ஆனால் வலது கையில் கோணிய இரண்டு விரல்கள் நிமிரவில்லை. இடது கையால் ஊசி குத்தி ரத்தம் எடுக்கப் பழக ஆரம்பித்தாள். என் கையைக் கொடுத்தேன். நாலு நாள் நீலம் பாரித்துக் கிடந்தது. அடுத்து யார் கை என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சோதனைக்கு வந்திருந்த குருவம்மாள் சேலையை ஒதுக்கிக் கையை நீட்டினாள்.

"எங்கையில குத்து தாயி. களை வெட்டுற கை, தாங்கும்."