ஹைட்ரஜனில் எரிந்த பத்து பல்புகள்

மின்வெட்டு அதிகமாக இருந்த வருடங்கள் அவை. திருப்பூரில் எந்தத் தெருவில் நின்றாலும் டீசல் ஜெனரேட்டர் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டு மாடியில் நின்று பதினொரு ஜெனரேட்டர்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் எண்ண விடாமல் மனைவி கீழே கூப்பிட்டுவிடுவாள்.

எங்கள் மகள் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஹைட்ரஜனை எரித்து டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்க வேண்டும். அதற்காக லாரி எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ ஒன்றை வாங்கி, தானே வடிவமைத்த பர்னரை அதில் இணைத்து, ஒரு சிறிய ஜெனரேட்டரையும் சேர்த்திருந்தாள். ஹைட்ரஜன் தீ வேகமானது. வருகிற காற்றின் வேகம் குறைந்தால் எரிகிற இடத்தில் நிற்காது. வாயு வந்த வழியே உள்ளே ஓடிவிடும். அதைத் தடுக்கத்தான் அவளுடைய பர்னரில் ஊசிமுனைத் துளைகள் இருந்தன. நூற்று நாற்பத்து நான்கு. லென்ஸ் வைத்து நான் சரிபார்த்தேன்.

ஒருநாள் கல்லூரியில் அது 'டப்' என்று வெடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இனி சிலிண்டர்களை வளாகத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்றுவிட்டார்கள். அவள் ஆராய்ச்சியை மதிப்பிட இரண்டு பேராசிரியர்கள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர்கள் முன்னால் சுத்த ஹைட்ரஜனில் டர்பைன் நிலையாக ஓடி, பத்து பல்புகளை எரிக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்கு வருட ஆராய்ச்சி அத்தோடு முடிந்துவிடும்.

இடம் கொடுத்தவர் என் மனைவியின் அண்ணன். அவிநாசி சாலையில் அவருக்கு ஒரு பனியன் கம்பெனி இருந்தது.

"தண்ணியில இருந்து கரண்டு எடுக்கறயாமா கண்ணு?" என்று மகளிடம் கேட்டார்.

"தண்ணியில இருந்து ஹைட்ரஜன் எடுக்கலாங்க மாமா. அதுக்குக் கரண்டு வேணும். அப்புறம் அந்த ஹைட்ரஜனை எரிச்சு மறுபடியும் கரண்டு எடுக்கறது."

மச்சான் என்னைப் பார்த்தார். "ஏனுங்க மாப்ள, கரண்டச் செலவு பண்ணிக் கரண்டு எடுக்கறதுக்கு, அந்த மொதக் கரண்டையே எனக்குக் குடுத்துப்போடலாமல்லங்க?"

மகள் சிரித்துவிட்டாள். "ஆடிக் காத்துல உங்க காத்தாடி சுத்தற கரண்டை வாங்க ஆளில்லைன்னு நிறுத்தி வைக்கறாங்களே மாமா, அதை ஹைட்ரஜனா சேத்து வெச்சா, காத்தில்லாத மாசத்துல எரிச்சுக்கலாமல்லங்க?"

பல்லடம் பக்கம் அவருக்குக் காற்றாலை ஒன்று உண்டு. அன்றே கம்பெனியில் துணி பின்னும் கூடத்தை ஒட்டியிருந்த ஷெட்டைக் காலி செய்து கொடுத்தார்.

ஹைட்ரஜன் கசிந்தால் மேலே போய்த் தங்கும் என்று படித்திருந்தேன். அதனால் கூரையில் மூன்று தகடுகளைக் கழற்றச் சொன்னேன். "மழ வந்தா?" என்றார் மச்சான். "நனையலாம்" என்றேன். மணல் வாளிகள் எட்டு வைத்தேன். நாலு போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். எட்டும் இருந்தன.

பேராசிரியர்கள் மூன்று மணிக்கு வருவதாக இருந்த நாளில், காலையில் ஒரு ஒத்திகை ஓட்டினோம். டர்பைன் விசிலடிப்பதுபோலக் கத்திக்கொண்டு எழுந்தது. ஏழு பல்புகள் எரிந்தன. எட்டாவதைப் போட்டதும் 'டப்'. எல்லாம் அணைந்தன.

மகள் வாயுவை அடைத்தாள். பர்னர் ஆறியதும் கழற்றித் துளைகளை அளந்தாள். மாட்டி மறுபடி ஓட்டினாள். இந்த முறை ஆறு பல்புகளிலேயே வெடித்தது. அவள் ஒரு துணி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"வர வேண்டாம்னு போன் பண்ணிடறேன்பா."

வாளிகளை நகர்த்தி வைத்தேன்.

"போன மாசம் இங்க ஓட்டிப் பாத்தப்ப இதே பர்னர் நல்லா ஓடுச்சு. இப்ப மீட்டர்ல காத்து பாதிகூட வர்றதில்லை. மீட்டரும் கெட்டுப்போச்சா?" என்றாள்.

டீ கொண்டுவந்த மச்சான் நின்றார். "காத்துக்கென்ன கண்ணு? சுத்தமான காத்தாத்தான் வருது. பஞ்சு உள்ள போயிறக் கூடாதுன்னு நாந்தான் நேத்துச் சாயங்காலம் கொழாய் வாயில பனியன் துணி கட்டியுட்டனே. நல்ல கெட்டியான இன்டர்லாக் துணி. ரெண்டு மடிப்பு!"

டர்பைனுக்குக் காற்று இழுக்கும் குழாயின் வாய் சுவருக்கு அந்தப் பக்கம், துணி பின்னும் கூடத்தில் இருந்தது. நாங்கள் யாரும் அங்கே போய்ப் பார்க்கவில்லை. இந்த ஊரில் எதை வடிகட்டவும் மூடவும் கை தானாகப் பனியன் துணிக்குத்தான் போகும். என் வீட்டுக் குடிதண்ணீர்க் குழாயிலும் அதுதான்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். இரண்டு மடிப்பின்மேல் பஞ்சு ஒரு விரல் தடிமனுக்கு மெத்தைபோல் படிந்திருந்தது. மகள் அதைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாள்.

"நான் நல்லதுன்னுதான் சாமி கட்டுனேன்" என்றார் மச்சான், முகம் செத்துப்போய்.

"நல்லதுதாங்க மாமா. துணியில்லாட்டிப் பஞ்சு உள்ள போயிருக்கும். வாய்லயே இறுக்கிக் கட்டுனதுதான் தப்பு. பெரிய கூண்டா ஒண்ணு குடுங்க."

துணிச் சுருள் அடுக்கும் ஆளுயர இரும்புக் கூண்டு ஒன்று வந்தது. அதன் நாலு பக்கமும் மேலேயும் மெல்லிய துணியை ஒற்றை மடிப்பாகப் போர்த்தி, குழாய் வாயை அதற்குள் விட்டோம். தையல் பிரிவிலிருந்து தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் வந்து மூலைகளைத் தைத்துக் கொடுத்தார்கள்.

"மாப்பிள்ளைக்கு முக்காடு போட்ட மாதிரில்லா இருக்கு!" என்றாள் ஒருத்தி.

"மாப்பிள்ளைக்கு எவளாவது முக்காடு போடுவாளாட்டி?" என்றாள் அடுத்தவள்.

பேராசிரியர்கள் வந்து உட்கார்ந்ததும் மின்சாரம் போனது. வழக்கமான நேரம்தான். கம்பெனி ஆள் ஒருவன் டீசல் ஜெனரேட்டரைப் போட ஓடினான். "போடாதடா! சத்தத்துல ஒண்ணும் கேக்காது, அவங்க பாக்கட்டும்!" என்று மச்சான் கத்தினார். மின்விசிறிகள் நின்றன. தையல் மெஷின் ஊசிகள் நின்றன. அறுபத்திரண்டு தொழிலாளர்கள் அவரவர் இடத்திலேயே வேர்வையோடு காத்திருந்தார்கள்.

டர்பைன் எழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு தாண்டியபோது நான் மகளைப் பார்க்கவில்லை, காற்று மீட்டரைத்தான் பார்த்தேன். முள் இறங்கவில்லை. எட்டு. ஒன்பது. பத்து.

வயதில் மூத்த பேராசிரியர் எழுந்து சுற்றி வந்தார். புகைபோக்கிக்கு எட்டத்தில் ஒரு கண்ணாடித் துண்டை இடுக்கியால் பிடித்தார். அதில் நீராவி படிந்தது. புகைக்கரி இல்லை. நிறையக் கேள்விகள் கேட்டார். மகள் நிமிர்ந்து பதில் சொன்னாள். கடைசியில், "அடுத்த வருஷம் இதைவிடப் பெரிசா செய்யுங்க. நிறுத்தற பேச்சே இல்லை" என்றார்.

அவர்கள் கார் ஏறும்வரை அவள் அமைதியாகத்தான் இருந்தாள். கார் கேட்டைத் தாண்டியதும் மாமனைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அறுபது தாண்டிய அந்த மனிதரும் குதித்தார்.

தையல் பெண்கள் கதவோரம் வந்து நின்றார்கள். "எங்களுக்கு விசில் சத்தந்தான் கேட்டுச்சு. லைட்டு எரிஞ்சதை ஒருத்தரும் பாக்கலையே!"

மகள் என் பக்கம் திரும்பினாள். "ஒரு சிலிண்டர் முழுசா மிச்சமிருக்குப்பா. இன்னொரு தடவை ஓட்டட்டுமா?"

அது பத்திரமா, பர்னர் ஆறிவிட்டதா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்க என்னிடம் நிறைய இருந்தது. எல்லோரையும் மணல் வாளிகளுக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னேன். "ஓட்டு" என்றேன்.