பின்சக்கரத்தின் பத்துக் கோடுகள்

கும்மிடிப்பூண்டி டயர் கடையின் பழைய வேலை நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் கீழ், மாமாவின் கையெழுத்தில் இப்படி ஒரு பதிவு: 'டூரிஸ்ட் பஸ். பின்பக்கம் இடது. நட்டு இறுக்க மறந்தது நான்.' ஆண்டு எழுதப்படவில்லை. நான் நான்காம் வகுப்பில் இருந்தேன் என்பதை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம். கிழமையில் பிழையில்லை. கடைசி வரியில்தான் பிழை.

மாமா, அம்மாவின் தம்பி. கடையில் பஸ், லாரி டயர் வேலைக்கு அவர்தான் முதல் ஆள். அம்மாவுக்குக் கம்பெனியில் ஞாயிறு ஷிப்ட் விழுந்தால் என்னை அங்கேதான் விட்டுப் போவாள். ஜாக்கியை இறக்கி, பைப் செருகிய ஸ்பேனரில் ஏறி மிதித்து நட்டை இறுக்கியதும், நட்டிலிருந்து சக்கரம் வரை சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பது மாமாவின் வழக்கம். கோடு இருந்தால் அந்த நட்டு முடிந்தது என்று பொருள். எனக்கு அது அலங்காரமாகத் தெரிந்தது.

அன்று பின்டயர்களை மாற்ற வந்தது, வேப்பிலையைச் சேலையாகக் கட்டி நேர்த்திக்கடன் செலுத்தும் பெரியபாளையம் கோயிலுக்குப் போகும் பஸ். வலப்பக்கம் முடித்து, இடப்பக்க நட்டுகளைக் கையால் மட்டும் திருகி ஜாக்கியை இறக்கியிருந்தபோது, ஒரு காருக்குக் காற்றடிக்க மாமாவைக் கூப்பிட்டார்கள். கோடில்லாத பத்து நட்டுகளும் எனக்குப் பாவமாக இருந்தன. சாக்பீஸை எடுத்துப் பத்துக்கும் போட்டேன். திரும்பி வந்தவர் தூரத்திலிருந்தே கோடுகளைப் பார்த்துவிட்டு, போகலாம் என்று டிரைவருக்குக் கைகாட்டினார்.

பஸ் போன பிறகுதான் ஸ்பேனர் அவர் கண்ணில் பட்டது. வலப்பக்கச் சக்கரம் நின்ற இடத்திலேயே அது கிடந்தது; இடப்பக்கத்துக்கு வரவேயில்லை.

அதை எடுத்துக்கொண்டு பைக்கைக் கிளப்பியவர், "ஏறு பாப்பா" என்றார். கவரைப்பேட்டைக்கு முன்பே பைக்கைக் குறுக்கே விட்டு பஸ்ஸை மறித்தார்.

"இன்னாபா, சாமி கும்புடப் போற வண்டிய மறிக்கிற? உனுக்கும் வேப்பஞ்சேலை கட்டி உடணுமா?" என்று டிரைவர் சன்னல் வழியே கேட்க, உள்ளே பெண்கள் சிரித்தார்கள்.

மாமா பின்சக்கரத்தருகே குனிந்தார். மூன்று நட்டுகள் விரலுக்கே சுழன்றன. டிரைவர் இறங்கி வருவதற்குள், தோளில் கிடந்த துண்டால் பத்துக் கோடுகளையும் அழுத்தித் துடைத்தார். என்ன சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

"நாப்பது பேரு குந்திக்கினு இருக்காங்கய்யா உள்ள! ஊட்ல புள்ளைங்க இல்ல உனுக்கு?"

"தப்பு என்னுதுதாண்ணே. மறந்துட்டேன்."

மாமா பத்து நட்டுகளையும் இறுக்கி முடிப்பதற்குள் டிரைவர் போனிலேயே கடை முதலாளியிடம் சொல்லிவிட்டார். நாங்கள் கடைக்குத் திரும்பியபோது முதலாளி வாசலில் நின்றிருந்தார். "இன்னிலேர்ந்து பெரிய வண்டி பக்கம் போவாத. டூவீலர் பஞ்சர் பாரு, போதும்." இனி மாமா நிழலில் உட்கார்ந்தே வேலை செய்யலாம் என்று எனக்கு மகிழ்ச்சி. வீட்டில் அம்மாவிடமும் அதை நல்ல செய்தியாகவே சொன்னேன்.

மாமாவின் கோடு ஒரே இழுப்பு. நான் போட்டவை இரண்டு மூன்று முறை தீட்டியவை. அவ்வளவு அருகில் குனிந்தவருக்கு வித்தியாசம் தெரியாமல் இருந்திருக்காது என்பது என் ஊகம். அவர் இன்றும் பஞ்சர்தான் ஒட்டுகிறார். பார்க்கும்போதெல்லாம் பேசிக்கொள்கிறோம். உறுதிசெய்ய ஒரு கேள்வி போதும். இதுவரை கேட்கவில்லை. ஆகவே, சரிபார்க்கப்படாதது என்றே குறித்து வைக்கிறேன்.