வேதத்துக்கு மாறிய சிவமும் வெறுங் கதிரையும்

என் மாட்சிமை பொருந்திய ஈரலின் ஸ்கானைப் பார்த்த டொக்டர், "இனி ஒரு சொட்டும் கூடாது" என்று எழுதியே தந்துவிட்டார்.

அதனால் இன்று, குடியை விடுகிறவர்களின் கூட்டத்தைத் தேடி, தமிழர் கண் படாத, ஆற்றுக்கு அக்கரை ஊரான லொங்கேய்க்கு மெட்ரோவில் படையெடுத்தேன்.

ஒரு தேவாலயத்தின் நிலவறை. பாதாள லோகம் வரை ஆயிரம் படி.

கீழே சிவம் நின்றான். "சேர்ச்சுக்குப் போறான், வேதத்துக்கு மாறிட்டான்" என்று சனிக்கிழமைகளில் நாங்கள் கிளாசும் கையுமாய்ச் சிரித்தோமே, அதே சிவம். அவன் வந்துபோனது இந்தக் கூட்டத்துக்குத்தான்.

"வாங்கோ அண்ணை. உங்களுக்குக் கதிரை போட்டு வைச்சிருக்கிறன்."

"பக்கத்துக் கதிரை ஆருக்கடா?"

"எங்களோட குடிச்ச குணத்துக்கு. வாறன் எண்டவன். அவன்ர செத்தவீடு முந்தீட்டுது."

நான் எனக்குப் போட்ட கதிரையில் குந்திவிட்டேன்.

இனி நானும் வேதக்காரன் என்று கதை கட்டுங்கோ. ஆனால் சனிக்கிழமைக் கூட்டாளிகளே, அங்கே இன்னும் மூன்று கதிரை கிடக்குது. இதை எழுதச் சொன்ன சிவம், அவை ஆருக்கென்று சொல்லவில்லை.

உங்களுக்குத் தெரியுமோ?