அலையாத்திக்குக் களையெடுத்தவள்

நெல் நட்டே பழகிய கை என்பதால் அலையாத்தி விதைகளையும் நான் நாற்று மாதிரியே நட்டேன். கயிறு பிடித்து, வரிசை பார்த்து, சாண் இடைவெளி விட்டு. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சேற்றில் மண்டிக் கிடந்த உமரிச் செடிகளை ஒன்று விடாமல் பிடுங்கிப் போட்டேன். களை மண்டிய இடத்தைப் பார்த்தால், தலைவாராமல் பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளையைப் பார்த்த மாதிரி எனக்கு எரிச்சல் வரும். அந்தப் புரட்டாசி அமாவாசையில் ஓதம் ஏறி இறங்கியபோது ஒரு விதைகூட மிஞ்சவில்லை.

எங்கள் ஊர் பூவத்தில், வயலின் கிழக்குக் கரைக்கு அந்தப் பக்கம் உப்பங்கழி. ஓதத்தில் கடல் தண்ணீர் அதன் வழியாக உள்ளே வந்து, வருஷா வருஷம் கரையை அரித்துக்கொண்டிருந்தது. முந்தின கார்த்திகையில் கரை உடைந்து சம்பா முழுக்கக் கருகியது. என் கணவர் திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் மேனேஜர். கருகிய பயிரைப் பார்த்துவிட்டு முடிவாகச் சொன்னார்: "இன்னொரு தடவ உப்பு ஏறுச்சுன்னா எறா குட்டைக்கு விட்டுடுவேன். நீ ஒண்ணும் பேசக் கூடாது."

நான் பேசவில்லை, கரையைப் பிடித்து நிறுத்த அதன் வெளிப்புறச் சேற்றில் அலையாத்தி நட ஆரம்பித்தேன். இறால் குட்டை வெட்டிய மண்ணில் என் காலத்தில் மறுபடி நெல் விளையாது. வயல் அவர் அப்பாவுடையதுதான். ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதில் இறங்கி நின்றவள் நான். விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

விதை போன இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கழியில் கையால் நண்டு பிடிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். காரைக்கால்மேட்டில் பிறந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள்.

"யாருக்கா இவ்வளவு சுத்தமா துடைச்சு வச்சது?"

"நான்தான்."

சிரித்துவிட்டாள். "உமரிதானக்கா விதைய புடிச்சு வச்சுக்கும். அத புடுங்கிட்டு நட்டா தண்ணி சும்மா வுட்டுட்டுப் போவுமா?"

எனக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை வருஷ விவசாயத்தில் களையெடுத்ததற்காக யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

அடுத்த வருஷம் உமரி தழைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். பிறகு அதன் தூருக்குள்ளேயே விதைகளைச் செருகினேன். ஆடு மேயாமலிருக்கப் பழைய வலையைச் சுற்றிக் கட்டினேன். பக்கத்து வயல்காரர் போகும்போதும் வரும்போதும், "களையெடுக்க ஆளு கெடைக்கலீங்களா?" என்று கேட்பார். "கெடைக்கலீங்க, நீங்க வர்றீங்களா?" என்பேன். மூன்றாம் வருஷம் செடிகள் முழங்காலைத் தொட்டன. வட மூலைக்கு மட்டும் விதை போதவில்லை.

போன கார்த்திகையில் இரண்டு நாள் விடாத மழையும் காற்றும். கடல் பொங்கிக் கழிக்குள் ஏறியது. மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக் கூட்டத்தை விட்டு அவர் அசையவே மாட்டார். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வயலுக்கு வந்தார்.

செடி நின்ற இடமெல்லாம் கரை நின்றிருந்தது. வட மூலையில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்கு அறுந்து கிடந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். ஒவ்வொரு மூலையாகப் போய்த் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். மூன்று மூலைகளில் விழுங்கினார். வட மூலையில் துப்பினார்.

அவர் சொன்ன அந்த இன்னொரு தடவை வந்துவிட்டது. இந்த முறை வாயை மூடிக்கொண்டு நிற்பதில்லை என்று முந்தானையை இழுத்துச் செருகினேன்.

அதற்குள் அவர் போன் அடித்தது. வயலைக் கேட்டுக்கொண்டிருந்த இறால் குட்டைக்காரர். எங்கள் கரை உடைந்த சேதி அவருக்கு எங்களுக்கு முன்பே போயிருக்கும்போல. என் கணவர் அறுந்த இடத்தையும் நின்ற கரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இல்லீங்க, தோதுப்படாது. வீட்டுல ஒத்துக்க மாட்டேங்குறாங்க."

நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தனக்கு மனமில்லாத காரியத்துக்கெல்லாம் என் தலையில் பழியைப் போட்டுத் தப்பிப்பது அவருக்குப் பழக்கம். வீட்டுக்கு வந்து அதற்காக எத்தனையோ நாள் சண்டை பிடித்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் சண்டை பிடிக்கவில்லை.