உடம்பை விட்டுப் போகாத மாத்திரை

“நீ யாரு வீட்டுப் புள்ளம்மா? எதுக்கு இப்படி வெயில்ல நிக்கிற?” மல்லிகைத் தோட்டத்து வரப்பில் நின்று என் மாமியார் என்னைக் கேட்டாள். அவள் மடியில் பாதிக்குப் பூ. புடவை வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நான் அந்த வீட்டுக்கு வாழ வந்து, பிள்ளைகள் பெற்று, அவளோடு ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தவள். “அத்தை, நான்தான்” என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

தாடிக்கொம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது தோட்டம். மாமனார் போன பிறகு அதை ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தியவள் அத்தை. விடியுமுன் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு பூ எடுக்கப் போவாள்; திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு வண்டி கிளம்பிய பிறகுதான் சாப்பாடு. மாத்திரை பல வருஷமாக அதேதான். தீர்ந்தால் காலி அட்டையைக் கடையில் காட்டி வாங்குவோம். அவளை எந்த டாக்டரும் புதிதாகப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவும் இல்லை.

அந்த வருஷம் காலை நேரங்களில் அவள் வேறு ஆளாகிக்கொண்டே வந்தாள். பேரனைக் கெட்ட வார்த்தையில் ஏசுவாள், அடுப்பில் வெறும் பாத்திரத்தை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பாள். சாப்பிட்டுச் செத்த நேரம் படுத்து எழுந்தால் தெளிந்துவிடுவாள். வயசாகி மூளை தளர்ந்துவிட்டது என்று எல்லாருமே முடிவு கட்டினோம். என் கணவரின் அண்ணன் தோட்டத்தை விற்க ஆள் பார்க்கத் தொடங்கினார். “ஆத்தாவுக்கு இனி ஒண்ணும் விளங்காதுடா. கையெழுத்துப் போடுற தெம்பு இருக்கப்பவே குடுத்துருவோம்” என்று தம்பியிடம் சொன்னார். கட்டிலில் அவள் கண்ணைத் திறந்தபடி படுத்திருக்க, அவள் தலைமாட்டில் நின்றுகொண்டுதான் சொன்னார்.

மறுவாரமே அவள் குளியலறையில் விழுந்தாள். திண்டுக்கல்லில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற ஏறக் கண்ணைத் திறந்தாள். அண்ணன் அப்போதே வீட்டுக்குக் கூட்டிப்போக அவசரப்பட்டார். அங்கிருந்த பெண் டாக்டர் விடவில்லை. “ஏத்துன குளுக்கோஸ் செத்த நேரத்துல தீந்துரும். மாத்திரை தீராதுங்க” என்றார். மதியம் அத்தை மறுபடி வேர்த்து விறுவிறுத்து மயங்கினாள்.

டாக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். எந்த மருந்தையும் உடம்பு தனக்குள் வைத்துக்கொள்வதில்லையாம். ஈரல் அதை உடைக்கிறது, உடைந்ததைச் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. அத்தை போட்ட மாத்திரை உடைந்த பிறகும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும் வகை. அவளுடைய சிறுநீரகமோ எங்களுக்குத் தெரியாமலே சுருங்கிப்போயிருந்தது. “நேத்துப் போட்டது வெளிய போகல, அதுக்குள்ள இன்னைக்கு ஒண்ணு. தினமும் இப்படியே சேந்திருக்கு. அம்மாவுக்கு மூளையில ஒண்ணும் இல்லங்க.”

இனிச் செய்வதற்கு இருந்தது காத்திருப்பதுதான். தெளிவாள், பேசுவாள், மறுபடி அமிழ்வாள். விரலில் குத்திக் குத்தி நர்ஸ் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு உடம்பு தனக்குள் கிடப்பதை வெளியேற்ற இத்தனை பாடுபடும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தே எனக்கு இடுப்பு விட்டுப்போனது. ஒருவழியாக ஒரு நாள் காலையில் குளுக்கோஸை நிறுத்திய பிறகும் அவள் தெளிவாகவே இருந்தாள். இட்லியைப் பிட்டுத் தின்றுகொண்டே பெரிய மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

“தோட்டத்த யாருக்குப் பேசியிருக்க?”

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

“எனக்கு எல்லாம் கேட்டுச்சுப்பா. வாய்தான் வரல.”

விலைப்பேச்சு முறிந்தது, தோட்டம் கைவிட்டுப் போகவில்லை. மாத்திரை மாறிய பிறகு அவள் பழையபடி பூ எடுத்தாள். ஆனால் பெரிய மகன் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் கொடுப்பாள், பேசமாட்டாள்.

சில வருஷம் கழித்துச் சிறுநீரகம் முழுதாகக் கைவிட்டது. கடைசி நாட்களில் அவள் அரைமயக்கத்தில் கிடந்தாள். பார்க்க வந்த சனம் கட்டிலைச் சுற்றி நின்று கருமாதிச் செலவு பேசியது. “வெளிய போய்ப் பேசுங்க. அத்தைக்குக் கேக்கும்” என்று எல்லாரையும் அனுப்பினேன். அண்ணன் மட்டும் போகவில்லை. அவள் காதருகே குனிந்து, “ஆத்தா, தோட்டத்த விக்க மாட்டோம் ஆத்தா” என்று சொல்லிவிட்டு அழுதார். அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை.

அத்தை போன பிறகும் சொன்ன சொல்லை அவர் காப்பாற்றிவிட்டார். திருப்பூரில் மகனோடு இருக்கிறார். தோட்டத்தைப் பற்றி யார் கேட்டாலும் அது ஆத்தா சொத்து, விற்பதற்கில்லை என்கிறார். இங்கே பூ எடுக்க ஆள் கிடைப்பதில்லை. விடியுமுன் நான்தான் போகிறேன்.