பெயர் யார் பெயரில்?

மதினியின் மேசையில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு பித்தளை அச்சு கிடக்கும். எங்கள் பட்டறையின் இணைய முகவரி அதில் இடவலம் மாறிச் செதுக்கப்பட்டிருக்கும். சூடாக்கித் தோலில் அழுத்தினால் நேராக விழும். தாராவியில் நாங்கள் தைத்து அனுப்பிய ஒவ்வொரு பையின் உள்மடிப்பிலும் அது உண்டு. பட்டறையின் பெயர் மட்டும் போதாதா என்று அண்ணன் கேட்டதற்கு, "பேர மறந்துருவாவ. அட்ரஸ் இருந்தா தேடி வருவாவ" என்றார் மதினி.

அந்த முகவரியைப் பதிந்து கொடுத்தவன் நான். அப்போது மாட்டுங்காவில் இணையதளம் செய்துகொடுக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் வேலை. இணையப் பெயரை யாரும் ஒரேயடியாக வாங்கிவிட முடியாது, வருடக் கணக்கில் பதிந்துகொள்ளத்தான் முடியும். எல்லாப் பெயர்களுக்கும் ஒரு மூலப் பதிவேடு இருக்கிறது. நமக்காக அதில் எழுதித் தருகிறவர் பதிவாளர். யார் பெயரில் எழுதப்படுகிறதோ அவர்தான் உரிமையாளர். கெடுவுக்குள் புதுப்பிக்க வேண்டியதும் அவரே. எங்கள் வாடிக்கையாளர்கள் பலருக்கு மின்னஞ்சல்கூடக் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் முதலாளி பெயரில், கம்பெனி மின்னஞ்சலில் பதிந்துவிடுவோம். சொந்த அண்ணன் பட்டறைக்கும் கொஞ்சம்கூட யோசிக்காமல் அதையேதான் செய்தேன்.

சில வருடங்களில் முதலாளி கம்பெனியை மூடினார். நான் செம்பூரில் வேறு வேலைக்குப் போனேன். ஒருநாள் காலை புனே வியாபாரி ஒருவர் மதினிக்குப் போன் செய்து, உங்கள் முகவரியைத் திறந்தால் ஏதோ விளம்பரம் வருகிறதே என்றார். கெடு முடிந்திருந்தது. நினைவூட்டல்கள் எல்லாம் கம்பெனி மின்னஞ்சலுக்குப் போயிருக்கின்றன. கம்பெனியின் சொந்த இணையப் பெயரே அதற்கு முன்பு காலாவதியாகிவிட்டதால் அந்த மின்னஞ்சலும் உயிரோடு இல்லை. பழைய உரிமையாளருக்காகச் சில வாரங்கள் பெயரை நிறுத்தி வைப்பார்கள், பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்து வரவிருந்த கண்காட்சிக்கான பைகளோ அச்சுக் குத்தித் தயாராக அடுக்கியிருந்தன.

நான் காகிதத்தில் கட்டங்கள் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். மதினி குறுக்கே வந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். இந்த அட்ரஸுக்கு லைட் பில் யாரு பேருல வருது? அத மட்டும் சொல்லுங்க." தாராவியில் ரூம் யாருடையது என்பதற்கு லைட் பில்தான் அத்தாட்சி.

"என் பழைய முதலாளி பேருல."

கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார். "அப்பம் இத்தன வருசமும் நாம அடுத்தவன் ரூம்லயா இருந்தோம், தம்பி?"

தாராவியில் ஒருவரைப் பார்த்து அதைவிடக் கடுமையாக எதுவும் கேட்டுவிட முடியாது. எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு மாட்டுங்காவுக்குக் கிளம்பிவிட்டார். முதலாளி நல்ல மனிதர். "பாஸ்வேர்டெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லைம்மா. என்ன எழுதணுமோ எழுதிண்டு வாங்கோ, கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார். கடிதத்தையும் அவருடைய பான் கார்டு நகலையும் அனுப்பினோம். பதிவாளர் திருப்பி அனுப்பிவிட்டார். பெயர் பொருந்தவில்லையாம்.

அதுவும் என் கைங்கரியம்தான். அந்தப் படிவத்தில் கடைசிப் பெயர் கேட்டது. ஒற்றை எழுத்தை ஏற்கவில்லை. முதலாளிக்கு இரண்டு இனிஷியல், ஒன்று ஊர், இன்னொன்று அப்பா. நான் ஊரை விரித்து எழுதியிருந்தேன். பான் கார்டில் கடைசிப் பெயராக அப்பா பெயர் இருந்தது. காணாமல் போன மின்னஞ்சல், பொருந்தாத பெயர், ஓடும் நாட்கள்.

மதினி சிரித்தார். "பாம்பேல ரெண்டு பேரு இல்லாத தமிழன் யாரு தம்பி? ரேசன்ல ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணு. இதுக்கு எஃபிடவிட் போடணும்." இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி முன் கையெழுத்திடும் சத்தியப் பத்திரம் அது. ரூம் காகிதங்களுக்காகவும் பிள்ளைகளின் சான்றிதழுக்காகவும் எத்தனை முறை அதற்காக வரிசையில் நின்றிருப்பாரோ! வாசகங்கள் அவருக்கு மனப்பாடம். முதலாளியை டாக்சியில் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கி, அன்று மதியமே அனுப்பவும் வைத்தார். அந்தச் சில வார அவகாசம் முடிய மூன்று நாள் இருக்கும்போது கணக்கு திறந்தது. படித்த படிப்பும் பார்த்த வேலையும் எனக்கு. பெயரை மீட்டது மதினி.

புதுப்பித்த கையோடு பெயரைத் தன் பெயருக்கு மாற்றச் சொன்னார். ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து தானே படித்துக் காட்டினார். தனக்கென்று மின்னஞ்சல் தொடங்கி, வேறு யாரும் பெயரை நகர்த்தாதபடி பூட்டுப் போடவும் கற்றுக்கொண்டார். அடுத்த கெடுத் தேதியை எழுதிப் பீரோவில் லைட் பில்லோடு வைத்தார். இன்று பக்கத்துப் பட்டறைக்காரர் யாராவது வெப்சைட் போட்டிருக்கிறேன் என்றால் மதினி கேட்கிற முதல் கேள்வி, "யாரு பேருல?" அதைக் கேட்டபிறகு என் வாடிக்கையாளர் எவருடைய பெயரையும் நான் வேறொருவர் பேரில் பதிந்ததில்லை. என் மதினி என்று சொல்லிக்கொள்வதில் எனக்குள்ள பெருமையை அவரிடம் இதுவரை சொன்னதுமில்லை.

தாராவி ரூம் இடிபட்டது. பட்டறை வடாலாவுக்குப் போய், இப்போது தேவ்நாரில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பெயர்ப்பலகை, பில் புத்தகம், விசிட்டிங் கார்டு எல்லாவற்றையும் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது. போன வாரம் போயிருந்தபோது மதினி புதுப் பை ஒன்றில் அச்சை அழுத்திக்கொண்டிருந்தார். அதே பித்தளை, அதே எழுத்துகள்.

"ரெண்டு எடம் மாறியாச்சு. இத மட்டும் ஒருத்தனும் காலி பண்ணச் சொல்லல, பாத்தீயளா?" என்றார்.