முதல் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை

செவித்திறன் சங்கத்தின் வரவேற்பு மேசையில் பத்தொன்பது ஆண்டுகள் உட்கார்ந்ததில் அவளுடைய குரல் தானாகவே உயர்ந்துவிட்டது. வீட்டில் தண்ணீர் கேட்டாலும் தெருமுனைவரை போகும். “எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு தாயே” என்று கணவர் கையெடுத்துக் கும்பிடுவார். சங்கத்துக்கு வருகிறவர்களுக்கோ அவள் மேசையக்கா.

செவிப் பரிசோதனை நாள் செவ்வாயிலிருந்து வெள்ளிக்கு மாறி இரண்டு மாதமாயிற்று. மற்ற நாள்களில் பரிசோதகர் வெளியூர்களுக்குப் போய்விடுவார். இணையதளம் மட்டும் செவ்வாய் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு செயலாளர், மருத்துவர், நூலகர் ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தது. முதல் பக்கம் மூவருக்கும் பொது. ஆகவே ஒவ்வொருவரும் மற்ற இருவரை நம்பி நிம்மதியாக இருந்தனர். ஏமாந்து வந்தவர்களின் ஏச்சு மட்டும் பங்கு பிரியாமல் மேசைக்கே வந்தது.

அப்படி ஒரு செவ்வாயன்று வந்து திரும்பியவர் ஒரு பேருந்து ஓட்டுநர். காது சரியாகக் கேட்கிறது என்று சான்று கொடுத்தால்தான் தொடர்ந்து வண்டி தருவார்கள்.

அவர் போனதும் அவள் செயலாளர் அறைக்குள் நுழைந்தாள். “திட்டு வாங்கற வேலை எனக்கு, திருத்தற வேலை உங்களுக்கா? எங்கிட்டயும் குடுங்க சார்!”

“தாராளமா செய்ங்கம்மா. நாலு பேரா ஆயிட்டா இன்னும் நல்லதுதானே” என்று அவர் கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

மறுநாளே அவள் தட்டுத்தடுமாறி வெள்ளிக்கிழமை என்று திருத்திவிட்டு ஓட்டுநருக்குத் தொலைபேசினாள்.

“இந்த வெள்ளி டூட்டிக்கா. அடுத்த வெள்ளி லீவு சொல்றேன். அதுக்கப்புறம் வர்ற புதன்தான் கடைசி நாள். தவறினா டிப்போல உக்கார வெச்சு டயர் எண்ணச் சொல்லிடுவாங்க.”

“கிளம்பறதுக்கு முன்னாடி வெப்சைட்டை ஒரு தடவை பார்த்துக்குங்க தம்பி. என் கையாலயே திருத்தியிருக்கேன். தப்பா இருக்காது.”

சொன்ன வெள்ளியன்று அவர் வரவில்லை. அவள் இருமுறை அழைத்தாள். வண்டி ஓட்டும்போது அவர் எடுப்பதில்லை. அடுத்த செவ்வாய் காலை, இஸ்திரி போட்ட சட்டையுடன் வந்து நின்றார்.

“என்ன தம்பி, இன்னிக்கு வந்திருக்கீங்க!”

“நீங்க சொன்ன மாதிரி போன வியாழனே வெப்சைட்டைப் பார்த்துட்டேன்க்கா. மறுபடி கிழமையை மாத்திட்டீங்க போலன்னு வெள்ளி லீவை இன்னிக்கு மாத்தி வாங்கினேன்.”

அவர் நீட்டிய கைபேசியில், முதல் பக்கத்தில், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி என்றிருந்தது. அதன் கீழே ‘பழைய புத்தகங்கள் வரவேற்கப்படுகின்றன’ என்றொரு புதிய வரி. உடனே நூலகரை அழைத்தாள்.

“நான் கிழமையைத் தொடவே இல்லையேம்மா! புத்தகத்துக்கு ஒரே ஒரு வரி சேர்த்தேன். எங்கிட்ட இருக்கற பக்கத்துல எழுதி அப்படியே ஏத்திட்டேன்.”

“உங்ககிட்ட இருக்கறதா? எப்ப எடுத்து வெச்சது?”

“மூணு மாசம் இருக்கும். பத்திரமா வெச்சிருக்கேன்.”

விசாரித்தபோது செயலாளரும் மருத்துவரும் தத்தம் கணினியில் ஒவ்வொரு பிரதியைப் பத்திரமாக வைத்திருப்பது தெரிந்தது. யார் கடைசியாக ஏற்றுகிறாரோ அவருடைய பழைய பக்கமே சங்கத்தின் பக்கம்.

பரிசோதகர் இரண்டு ஊர் தள்ளி இருந்தார். இன்று வர வழியே இல்லை என்றார். செயலாளர், தவறு சங்கத்துடையதே என்று அழகாக ஒரு கடிதம் எழுதிக் கையொப்பமிட்டார். ஓட்டுநர் அதைப் படித்து நான்காக மடித்தார்.

“அங்க டெஸ்ட் பண்ணினவரோட முத்திரையைத்தான்க்கா பார்ப்பாங்க. நாளைக்குத்தான் கடைசி நாள்.”

“என்னைத் திட்டிட்டாவது போங்க தம்பி.”

“நீங்க என்னக்கா பண்ணுவீங்க.”

அவள் மறுபடியும் வெள்ளிக்கிழமை என்று திருத்தினாள். அவர் குனிந்து திரையைப் பார்த்தார்.

“இது இப்படியே இருக்குமா?”

அவள் நூலகரின் எண்ணை மறுபடி அழுத்தினாள்.

“வரேன்க்கா. நம்ம வண்டி கிளட்ச் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். நாளைக்கு எடுக்கறவன்கிட்ட சொல்லிட்டுப் போகணும்” என்று அவர் படியிறங்கினார்.